சொந்த ப்ராக்ஸி வலை, சுழலும் ஐபி: மூன்று ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

நான்கு ஊர், பன்னிரண்டு வாசல், ஒரு மையம். அமைப்பு மொத்தமே இவ்வளவுதான். ப்ராக்ஸி என்பது நமக்குப் பதிலாக இணையத்தில் போய்க் கேட்டு வரும் இடையாள், வாசல் என்பது அது வெளியே போகும் ஓர் இணைப்பு, ஐபி என்பது அந்த இணைப்பின் இணைய முகவரி. சென்னை, மதுரை, கோவை, நெல்லை என நான்கு இடங்களில் இடத்துக்கு ஒரு ராஸ்பெர்ரி பை 4, கையடக்கக் கணினி (இனி 'பை' அல்லது 'நோடு'). ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறுவன சிம் போட்ட இரண்டு 4ஜி டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் மோடம்), கூடவே அந்த இடத்து ஃபைபர் இணைப்பு. ஆக, இடத்துக்கு மூன்று வாசல். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது 1 ஜிபி ரேம் உள்ள ஒரு சின்ன விபிஎஸ், அதாவது வாடகை சர்வர்; அதுதான் மையம். ஒரே தளம் வெவ்வேறு நிறுவன இணைப்பில் எப்படித் திறக்கிறது, எங்கே திறக்காமல் போகிறது என்று பார்ப்பதும், பொதுவில் வெளியாகும் விலைப்பட்டியல்களை நிதானமாகச் சேர்ப்பதும்தான் இதன் வேலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்து முதல் இருபது வாசல் வரை தேவைப்படுகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகும். ஐபியை மாற்றுவது இதில் மிகச் சின்ன வேலை, அரை நாளில் முடிந்துவிடும். மாறும் நேரத்தில் கையில் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு அறுந்துபோகாமல் பார்ப்பது, மின்சாரம் போய் வந்தபின் நோடு தானாக எழுந்து நிற்பது, எப்போது ஐபியை மாற்றக் கூடாது என்று அமைப்புக்கே தெரிந்திருப்பது, இந்த மூன்றுக்கும்தான் மாதக்கணக்கில் உழைப்பு போகிறது.

வாடகைக்கே கிடைக்கிறதே, ஏன் சொந்தமாகக் கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். 'வீட்டு ஐபி' என்று விற்கப்படுவது யாருடைய வீட்டு ஐபி என்பதுதான் பிரச்சினை. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் இருந்தன. இலவச விபிஎன் செயலிகளை நிறுவியவர்களின் கணினிகளே, அவர்களுக்குத் தெரியாமல் வாசலாக விற்கப்பட்டன. வாங்குகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. சொந்த வலையில் ஒவ்வொரு வாசலுக்கும் உரியவர் யார் என்று பெயர் சொல்ல முடியும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மையமும் டன்னலும்

மொபைல் சிம்மிலும் பெரும்பாலான ஃபைபர் இணைப்பிலும் உங்களுக்கென்று பொது ஐபிவி4 (வழக்கமான பழைய வகை ஐபி) முகவரி கிடைப்பதில்லை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் நிறுவன ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அதனால் நோடுதான் மையத்தைத் தேடிப் போக வேண்டும். அதற்கு வயர்கார்டு, நோடுக்கும் மையத்துக்கும் இடையே பூட்டிய தனிவழி (டன்னல்) போடும் மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து கெர்னலுக்குள்ளேயே (லினக்ஸின் உட்கருவில்) இருக்கிறது, தனியாக எதையும் கம்பைல் செய்ய வேண்டாம். நோடு பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வினாடி, அதாவது அந்த இடைவெளியில் ஒரு சிறு பாக்கெட் போய்க்கொண்டே இருக்கும். இதை விட்டுவிட்டால் சிஜிநாட் தன் அட்டவணையிலிருந்து உங்கள் யுடிபி வழியை (வயர்கார்டு பாக்கெட் போகும் தடத்தை) மறந்துவிடும். நோடு உயிரோடுதான் இருக்கும், மையத்திலிருந்து கூப்பிட்டால் பதில் வராது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எல்லா நோடுகளுக்கும் அலவ்டு ஐபியில் (எந்த முகவரி யாருக்கு என்ற பட்டியலில்) 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரியும் என்று போட்டு, மையத்திலிருந்து டிராஃபிக்கை அப்படியே தள்ளிவிடப் பார்ப்பார்கள். வயர்கார்டில் ஒரே இன்டர்ஃபேஸில் ஒரு முகவரி வரம்பு ஒரு பியருக்குத்தான் (மறுமுனைக்குத்தான்) சொந்தம். இரண்டு பேருக்கு எழுதினால் கடைசியாக எழுதியவருக்கே போகும், எச்சரிக்கை எதுவும் வராது. ஒவ்வொரு நோடுக்கும் /32, அதாவது ஒற்றை முகவரி மட்டும் கொடுத்து, ப்ராக்ஸியை நோடிலேயே ஓட்டுங்கள். 3ப்ராக்ஸி இதற்கு அளவான மென்பொருள். நினைவகம் கொஞ்சம்தான் தின்னும், எச்டிடிபி, சாக்ஸ்5 என்ற இரண்டு ப்ராக்ஸி முறையும் பேசும்.

இனிச் சொல்வது மற்ற எல்லாப் பிரச்சினைகளையும்விட அதிக நேரத்தை விழுங்கியது. மாதப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்று வந்தபிறகு, நோடு பூட் ஆகிறது, ஃபைபர் வருகிறது, ஆனால் டன்னல் எழவில்லை. அரை மணி, முக்கால் மணி கழித்துத் தானாக எழுகிறது. சோதிக்க ரீபூட் செய்தால் ஒரு குறையும் தெரியாது. காரணம், பை 4-இல் கடிகாரச் சில்லு கிடையாது. ஃபேக் எச்டபிள்யூகிளாக் என்ற சிறு நிரல் மணிக்கு ஒருமுறை நேரத்தை எஸ்டி கார்டில் எழுதிவைக்கிறது, பூட் ஆகும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. 11.17-க்கு எழுதியாயிற்று, 11.50-க்கு மின்சாரம் போயிற்று, 2 மணிக்கு வந்தது என்று வையுங்கள். விழிக்கும்போது பைக்கு மணி 11.17. வயர்கார்டு தன் தொடக்கக் கைகுலுக்கலில் நேரமுத்திரை வைத்து அனுப்பும். அதே பியரிடமிருந்து கடைசியாக வந்த முத்திரையைவிடப் பழையதாக ஒன்று வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று மையம் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மையம் கடைசியாகப் பார்த்தது 11.49. ஆக, பையின் கடிகாரம் 11.49-ஐத் தாண்டும் வரை கதவு திறக்காது. முறையாக ரீபூட் செய்யும்போது அணையும் தருணத்தில் நேரம் எழுதப்பட்டுவிடுவதால்தான் சோதனையில் இது அகப்படுவதில்லை.

நேரம் சரிசெய்யும் என்டிபி டன்னலுக்கு வெளியே போனால் சில வினாடிகளில் சரியாகிவிடும். டிஎன்எஸ்ஸையோ (தளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) நேரச் சர்வரையோ டன்னலுக்குள் வைத்திருந்தால்தான் சிக்கல். நேரம் வர டன்னல் வேண்டும், டன்னல் வர நேரம் வேண்டும். இரண்டையும் வெளியே வையுங்கள். முடிந்தால் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைப் பையின் முள்களில் செருகிவிடுங்கள், சின்ன விலைதான். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக மாட்ட வேண்டும்.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு (பைட்டில்) பற்றி ஒரு வார்த்தை. பிங் போகிறது, சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். வயர்கார்டு 1420 என்று வைத்துக்கொள்வது அடியில் 1500 இருக்கிறது என்ற நம்பிக்கையில். பிபிபிஓஇ (பயனர்பெயர் போட்டு இணையும் முறை) இணைப்பில் 1492தான், மொபைலில் இன்னும் குறையலாம். இரு முனையிலும் 1380 என்று இறக்கினால் பெரும்பாலும் தீரும். அப்படியும் நின்றால் 1280.

டாங்கிள்

ஹைலிங்க் வகை டாங்கிள் கணினிக்கு ஒரு சின்ன ரவுட்டராகத் தெரியும். இ3372 மாடல் என்றால் அதன் முகவரி 192.168.8.1. ஒன்று இருக்கும் வரை எல்லாம் சுகம். இரண்டாவதைச் செருகியதும் இரண்டுமே அதே முகவரியோடு வந்து நிற்கும். பெயரையாவது பிரித்து வைக்கலாம் என்று மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் எண்ணைப் பார்த்தால் அதுவும் ஒன்றேதான், எழுத்துக்கு எழுத்து. ஆகவே கருவிக்குப் பெயர் வைக்கும் யூடெவ் விதியை மேக் முகவரியைக் கொண்டு எழுத முடியாது. எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்ற பாதையைக் கொண்டு எழுத வேண்டும். துளைகளுக்குப் பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எண் போட்டுவிடுங்கள். தூசி துடைக்கும்போது யாராவது மாற்றிச் செருகினால் சென்னை வாசல் 1, வாசல் 2 ஆகிவிடும், லாக் முழுக்கத் தப்பாகிவிடும்.

முகவரி மோதலுக்கு நல்ல தீர்வு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அதாவது கணினிக்குள் பிரித்து வைத்த தனி வலை அறை. டாங்கிளுக்கு ஒரு நேம்ஸ்பேஸ், அதற்குள் ஒரு 3ப்ராக்ஸி, வெளியே வர ஒரு வெத் இணை (இரண்டு அறைகளை இணைக்கும் மெய்நிகர் கேபிள்). இரண்டு அறையிலும் 192.168.8.1 இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காது. கட்டும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, நேம்ஸ்பேஸுக்குள் இயல்பு ரூட் (தனி வழி சொல்லாத எல்லாம் போகும் பாதை) டாங்கிள் வழியாகப் போகும், மையத்தின் வலை வரம்புக்கு மட்டும் வெத் வழியாகத் தனி ரூட் எழுத வேண்டும். மறந்தால் கோரிக்கை உள்ளே வரும், பதில் டாங்கிள் வழியாக வெளியே போய்த் தொலையும். இரண்டாவது, டிஎன்எஸ். நேம்ஸ்பேஸுக்கென்று தனி ரிசால்வ் கோப்பு வைக்காவிட்டால் பெயர்த் தேடல் ஃபைபர் பக்கத்து அமைப்பைக் கொண்டே நடக்கும். அப்புறம் 'இந்த நிறுவன இணைப்பில் தளம் திறக்கிறது' என்று நீங்கள் எழுதிவைக்கும் குறிப்புக்கு மதிப்பில்லை. கேட்கிற பக்கத்திலும் சாக்ஸ்5 என்று போடாமல் சாக்ஸ்5எச் என்று போட்டால்தான் கர்ல் என்ற கருவி தளப் பெயரை வாசலிலேயே தேடும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கடுமையானது. டாங்கிள் ஒரு நொடி அறுந்து திரும்ப வந்தால் அது புதுக் கருவியாக, முதன்மை நேம்ஸ்பேஸில் வந்து பிறக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் எடுத்து உள்ளே வைப்பதற்குள் நெட்வொர்க் மேனேஜர் என்ற லினக்ஸ் சேவை அதைப் பிடித்து, டிஎச்சிபி வழியாக முகவரி வாங்கி, இயல்பு ரூட்டையும் போட்டுவிடலாம். அப்போது வயர்கார்டு டன்னலே மொபைல் டேட்டாவில் ஓட ஆரம்பிக்கும். அன்றைய கோட்டா தீர்ந்த பிறகுதான் தெரியும். டாங்கிள் இன்டர்ஃபேஸ்களை நெட்வொர்க் மேனேஜர் தொடக் கூடாது என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

மின்சாரம். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். சிக்னல் பலவீனமான இடத்தில் டாங்கிள் சத்தம் போட்டுப் பேசும், அதற்கேற்ப மின்சாரமும் இழுக்கும். சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை, பெரிய அப்லோடு ஓடும்போது மட்டும் டாங்கிள் மறைகிறது என்றால் இதுதான் காரணம். பையில் விசிஜென்சிஎம்டி கட்டளை வழியாக 'கெட் த்ராட்டில்டு' கேளுங்கள். பூஜ்யம் வந்தால் நலம். பதினறும எண்ணில் 50000 என்று வந்தால் இப்போது சரி, ஆனால் பூட் ஆனபிறகு எப்போதோ மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி வேகமும் குறைந்திருக்கிறது என்று பொருள். 50005 என்றால் இந்த நொடியும் அதே நிலைதான். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்குங்கள். வாங்கியதும் பையின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஹப்பை மட்டும் ஓட விடுங்கள். பையின் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ஹப் மின்சாரத்தைப் பின்னால் தள்ளுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு துளையையும் தனித்தனியாக அணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். டாங்கிள் தொங்கிப்போனால் முதலில் ஏபிஐ (டாங்கிளுக்கு நிரலால் கட்டளை கொடுக்கும் முறை) வழியாக டேட்டாவை அணைத்துப் போடுவோம், கேட்கவில்லையென்றால் டாங்கிளை ரீபூட் செய்வோம், அதற்கும் மசியவில்லையென்றால் யூஹப்சிடிஎல் கட்டளை கொண்டு மின்சாரத்தையே துண்டிப்போம். பை 4-இன் சொந்தத் துளைகள் நான்கும் சேர்ந்தேதான் அணையும். ஒன்றைத் திருத்தப் போய் நல்லதையும் கொல்ல நேரும்.

சுழற்சி

'ஒரு கோரிக்கைக்கு ஒரு ஐபி' என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். எச்டிடிபிஎஸ்ஸில் நடப்பது வேறு. கிளையன்ட் (கேட்கும் நிரல்) 'கனெக்ட்' என்று கேட்டு ஒரு குழாயை வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாய் திறந்திருக்கும் வரை எத்தனை கோரிக்கை போனாலும் வாசல் ஒன்றுதான். மையத்தில் இருக்கும் எச்ஏப்ராக்ஸி என்ற பங்கீட்டு மென்பொருள் டிசிபி முறையில் (உள்ளே பார்க்காமல் இணைப்பை அப்படியே கடத்தி) ஓடுவதால், புது இணைப்பு வரும்போது மட்டுமே வாசலைத் தேர்ந்தெடுக்கும். இணைப்பைத் திறந்தே வைக்கும் கீப்அலைவ் போட்ட ஸ்கிரிப்ட்டில் ஐபி மாறவே இல்லை என்று புலம்புவதற்கும், பிரவுசரில் ஒரே பக்கம் ஆறு ஐபியிலிருந்து போய் லாகின் உடைவதற்கும் காரணம் இதே. பிரவுசர் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்பு வரை திறக்கும், சுழற்சி அவற்றை ஆறு பக்கம் சிதறடிக்கும்.

எனவே போர்ட் (மையத்தில் எண்ணிட்ட கதவு) ஏற்பாடு இப்படி. 20001 முதல் 20012 வரை வாசலுக்கு ஒன்று, எப்போதும் அதே வாசல். 20000 மட்டும் சுழலும் போர்ட், குறைந்த இணைப்பு உள்ள வாசலைத் தேர்ந்தெடுக்கும் லீஸ்ட்கான் முறையில். லாகின், குக்கி, பல பக்கம் தொடரும் வேலை எதுவானாலும் நிலையான போர்ட்டில்தான். நடைமுறையில் 20000-ஐத் தேவைப்படும் வேலை மிகக் குறைவு. 'எல்லா இடத்திலிருந்தும் ஒருமுறை பார்' என்பதற்குக்கூடப் பன்னிரண்டு போர்ட்டையும் வரிசையாகக் கூப்பிடுவதே துல்லியம்.

டாங்கிளின் ஐபியை மாற்ற, அதன் ஏபிஐயில் முதலில் டோக்கன் வாங்கி, மொபைல் டேட்டாவை அணைத்து, சில வினாடி விட்டுப் போட வேண்டும். இதை நேரடியாகச் செய்தால் அந்த நேரத்தில் ஓடும் எல்லாம் அறுந்துவிடும். எச்ஏப்ராக்ஸியில் ஏஜென்ட் செக் என்று ஒரு வசதி இருக்கிறது. மையம் 5 வினாடிக்கு ஒருமுறை நோடில் ஒரு போர்ட்டைத் தட்டி 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்கும், நோடு ஒரு சொல்லில் பதில் தரும். ஐபி மாற்ற நினைக்கும் நோடு முதலில் 'ட்ரெய்ன்' என்று சொல்கிறது. மையம் புது இணைப்பு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, பழையவை தம்பாட்டில் முடிகின்றன. 90 வினாடி காத்திருந்து, டேட்டாவை மாற்றி, வெளியிலிருந்து தெரியும் புது முகவரியைச் சரிபார்த்து, பிறகு 'அப் ரெடி' என்று சொல்கிறது. 'அப்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'ரெடி' என்ற சொல் வந்தால்தான் ட்ரெய்ன் நிலை நீங்கும். அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு வாசல் சத்தமில்லாமல் விலகும், கடைசியில் எல்லா வாசலும் உயிரோடு இருக்கும், டிராஃபிக் மட்டும் ஓடாது.

சாதாரண உயிர்ச்சோதனையை நம்ப வேண்டாம். 3ப்ராக்ஸியின் போர்ட் திறந்திருக்கிறது என்பதால் அந்த சிம்மில் இன்டர்நெட் வருகிறது என்று ஆகாது. ரீசார்ஜ் முடிந்துபோன சிம்கூடச் சோதனையில் தேறிவிடும். நோடு தானே டாங்கிள் வழியாக வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும்.

மாற்றியும் பழைய ஐபியே வருவதும் உண்டு. சிஜிநாட் குளத்திலிருந்து வருவதுதான், ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்தது மறுபடி வரலாம். உடனே மறுபடி அணைத்துப் போடுவதில் பயனில்லை. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரு டாங்கிள் மட்டும் மாற வேண்டும், மையத்தில் ஒரு பூட்டு வையுங்கள். நேரப்படி வேலை ஓட்டும் கிரானில் எல்லாவற்றுக்கும் பூஜ்ய நிமிடம் போட்டால் மணியடித்ததும் எட்டும் ஒன்றாக மறையும். மணிக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றும் தேவை நல்ல வேலை எதிலும் வந்ததில்லை.

எப்போது மாற்றக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தளம் 429 என்று பதில் சொன்னால், 'அதிகமாகக் கேட்கிறாய், பொறு' என்று பொருள். வேறு வாசலுக்குத் தாவுவதற்கான சைகை அது அல்ல. ரீட்ரை ஆஃப்டர் என்று நேரம் சொல்லியிருந்தால் அந்தத் தளத்துக்கான வரிசை மொத்தமும், பன்னிரண்டு வாசலிலும், அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். இதை மையத்தில் எழுதிவைத்திருக்கிறோம், தனித்தனி ஸ்கிரிப்ட்களின் நல்ல மனதை நம்பி விடவில்லை. சிஜிநாட் ஐபியில் உங்களோடு பலநூறு சந்தாதாரர்கள் இருக்கலாம். நீங்கள் முரட்டுத்தனமாகக் கேட்டு அந்த ஐபி தடையானால், அதே கோபுரத்துக்குக் கீழே ரயில் டிக்கெட் எடுக்கப் பார்க்கும் யாரோ ஒருவருக்குப் பக்கம் திறக்காது. அவருக்குக் காரணமும் தெரியாது. நிரல்கள் எதை எடுக்கலாம் என்று தளம் எழுதிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பு என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள்.

ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி வகை) பற்றிப் பலரும் ஆசையோடு கேட்பார்கள். ஒரு விபிஎஸ்ஸோடு வரும் /64 என்ற முகவரித் தொகுதியில் இரண்டின் 64-ஆம் அடுக்கு அளவு முகவரி இருக்கிறது, விலையில்லாமல் சுழற்றலாம் என்று. கெர்னலில் சுழற்றுவது எளிதுதான், ஆனால் பல தளங்கள் /64 முழுவதையும் ஒரே ஆளாகத்தான் எண்ணுகின்றன. கணக்கில் கோடி, நடப்பில் ஒன்று. சொந்த சர்வரின் ஐபிவி6 அமைப்பைச் சோதிக்க மட்டும் உதவும். ஐபிவி4 பக்கம் செலவு கூடிக்கொண்டே போகிறது. அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்கு ஏறக்குறைய 3.6 டாலர்.

கதவைப் பூட்டுவது

3128, 1080 இரண்டும் உலகமே தட்டிப் பார்க்கும் போர்ட்கள். ப்ராக்ஸியை வயர்கார்டு முகவரியில் மட்டும் கேட்க வையுங்கள், எல்லா முகவரியிலும் வேண்டாம். டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போர்ட்டை வெளியிட்டால் டாக்கர் தானே லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் விதி எழுதிக்கொள்ளும், யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் நீங்கள் போட்ட தடை அதைத் தடுக்காது. ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று நிலை காட்டும், கதவு திறந்தே கிடக்கும். வேறொரு ஊரிலிருந்து, டன்னல் இல்லாத கணினியிலிருந்து தட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சிம் கணக்கையும் மறக்க வேண்டாம். இந்தியாவில் ஒருவர் பெயரில் ஒன்பது மொபைல் இணைப்புதான், ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் ஆறு. இந்த அமைப்பின் எட்டு சிம்களும் அந்தந்த இடத்தில் இருப்பவர்களின் பெயரிலேயே, அவர்களுக்கு விவரம் தெரிந்தே இருக்கின்றன. அடுத்தவர் பெயரில் வாங்கிக் கோத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். நிறுவனமாக நடத்தினால் 2022 ஏப்ரல் 28-இல் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவின்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனியாளாக இருந்தாலும் வையுங்கள். எந்த நேரத்தில் எந்த வாசலில் எந்தத் தளத்துக்கு யார் போனார் என்று ஒரு வரி இருந்தால், சிம் வைத்திருப்பவரிடம் யாராவது கேள்வி கேட்டு வரும் நாளில் அவரைக் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கும். வெளியாருக்கு வாசலைக் கொடுக்காமல் இருப்பதும் அதே காரணத்துக்காகவே.

அந்த லாக்கைப் பையின் கார்டில் எழுத வேண்டாம். ஓயாமல் எழுதினால் எஸ்டி கார்டு தேய்ந்துபோகும், சாகும்போது படிக்க மட்டும் விட்டுவிட்டு எழுத மறுக்கும். பார்வைக்கு நோடு நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும், மாற்றிய அமைப்பு மட்டும் ரீபூட்டில் காணாமல் போகும். லாக்கை ரேமில் வைத்து, டன்னல் வழியாக மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். மையத்தில் கோப்பு வரம்பை, அதாவது ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அது 1024 ஆக இருந்தால், ஒவ்வொரு ப்ராக்ஸி இணைப்பும் இரண்டைத் தின்னும், ஐந்நூறைத் தொட்டதும் புது இணைப்பு ஏற்காது.

வெயில் மாதங்களில் பையை மூடிய டப்பாவில் வைக்காதீர்கள், 80 டிகிரி தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாங்கிளைப் பையின் உடலோடு ஒட்டி வைக்காமல் ஒரு முழ யூஎஸ்பி கயிற்றில் ஜன்னல் பக்கம் தள்ளி வையுங்கள். சூடும் குறையும், சிக்னலும் ஏறும், சிக்னல் ஏறினால் மின்சார இழுப்பும் இறங்கும்.

புது நோடு ஒன்றைச் சேர்க்கும்போது இப்போது நடக்கும் சோதனை இது. எல்லாம் ஓடும் நிலையில், ஒரு பெரிய கோப்பை மொபைல் வாசல் வழியாக ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்கிறோம். முறையான ஷட்டவுன் கிடையாது. இரண்டு மணி நேரம் அப்படியே விடுகிறோம். திரும்பப் போட்டு, கீபோர்டைத் தொடாமல், ஐந்து நிமிடத்தில் மூன்று வாசலும் மையத்தில் 'ரெடி' என்று வர வேண்டும். கடிகாரமோ, யூடெவ் விதியோ, ரூட்டோ, ஹப்போ ஒன்று தவறினாலும் இதில் அகப்பட்டுவிடும். மூன்று முறை தொடர்ந்து தேறினால்தான் அந்தப் பை ஊருக்குக் கிளம்பும்.